மட்ரிட் மன்னனும் பச்சிலைப்பள்ளியும்

பளையை ஒரு காலத்தில் ஸ்பெயின் தேசத்து மன்னன் ஆண்டான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பாடசாலையில் நாம் படித்ததெல்லாம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்ற வரிசைதான். ஸ்பானியர் என்றால் கொலம்பஸ், அமெரிக்கா, தங்கம் என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால் 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தபோது வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி ஆகிய நான்கு பிரிவுகளும் எந்த முடியின் கீழ்ப் போயினவோ, அந்த முடியைத் தரித்திருந்தவன் மட்ரிட்டில் இருந்தான். இன்றைய பளை அந்தப் பச்சிலைப்பள்ளியின் நடு ஊர்.

இது எப்படி நேர்ந்தது என்பதை அறிய மொரோக்கோவுக்குப் போகவேண்டும். 1578 ஓகஸ்ட் 4ஆம் திகதி, அல்கஸ்ருல் கபீர் என்னும் இடத்தில் நடந்த போரில் போர்த்துக்கல்லின் இளம் மன்னன் செபஸ்தியான் மடிந்தான். எதிர்த்து நின்ற சுல்தான் அப்துல் மலிக்கும் நோயாளியாக இருந்து அதே நாளில் உயிர்விட்டார். செபஸ்தியானுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்குப் பின் முடிசூடிய வயோதிகக் கர்தினாலும் 1580இல் இறந்தார். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் படையனுப்பி லிஸ்பனைப் பிடித்தான். 1581இல் தோமார் நகரில் கூடிய சபை அவனைப் போர்த்துக்கல்லுக்கும் அரசனாக ஏற்றது. 1640 வரை அறுபது ஆண்டுகள் இரு தேசங்களுக்கும் ஒரே மன்னன். கடல்கடந்த ஆட்சியைப் போர்த்துக்கேய அதிகாரிகளே நடத்துவர் என்று தோமாரில் வாக்களிக்கப்பட்டிருந்தது. ஆகவே கோவாவிலும் கொழும்பிலும் மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை. நமது பாடநூல்களுக்கும் அது தெரியாமற் போனதற்கு இதுவே காரணம் என நினைக்கிறேன்.

1591இல் அந்திரே பூர்த்தாதோ டி மென்டோன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்துப் புவிராச பண்டாரத்தைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்தியது இரண்டாம் பிலிப்பின் காலத்தில். பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்து சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தது 1619 ஜூனில், மூன்றாம் பிலிப்பின் காலத்தில். அந்த ஜூன் மாத இறுதியில் மூன்றாம் பிலிப் லிஸ்பன் நகருக்குள் பவனி வந்துகொண்டிருந்தான். நல்லூர் வீழ்ந்த செய்தி அப்போது அவனை எட்டியிருக்க வழியில்லை. சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மரணதண்டனைக்கு உள்ளானான்.

பச்சிலைப்பள்ளியின் பங்கு இதில் என்ன? முதலாவது, யானை. வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள் களப்பைக் கடந்து குடாநாட்டுக்குள் நுழைந்த வழிதான் ஆனையிறவு; அதைத் தாண்டினால் பச்சிலைப்பள்ளி. அங்கிருந்து மேற்கே நடத்திச் சென்று ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். அத்துறைக்கு வழங்கும் ‘கயிட்ஸ்’ என்ற பெயரே கப்பல் மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பர். இரண்டாவது, கோயில். 1658இல் போர்த்துக்கேயரை ஒல்லாந்தர் துரத்திய பின் இங்கு வந்த பால்தேயுஸ் பாதிரியார் 1672இல் அச்சிட்ட தமது நூலில், இப்பகுதியின் தேவாலயங்களாக நான்கைக் குறிக்கிறார்: புலோப்பளை, முகமாலை, தம்பகாமம், முள்ளிப்பற்று. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஒழுங்கையே ஒல்லாந்தர் எடுத்துக்கொண்டனர். மூன்றாவது, தோம்பு. காணியையும் இறையையும் பெயர் பெயராக எழுதிவைக்கும் பதிவேடு. அந்தப் போர்த்துக்கேயச் சொல் ஈழத்துத் தமிழில் இன்றும் காணிப் பத்திரங்களில் வாழ்கிறது.

யாழ்தேவி பளை வரை மட்டும் ஓடிய சில மாதங்கள் உண்டு. 2014 மார்ச் முதல் ஒக்டோபர் வரை வட பாதையின் கடைசி நிலையம் அதுதான். அந்நாட்களில் ஒரு தடவை அங்கு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திராமல் தென்னந்தோட்டங்களின் ஓரமாகச் சிறிது தூரம் நடந்தேன். வட்டற்ற தென்னைகள், முகமாலைப் பக்கம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். பால்தேயுஸ் சொன்ன கோயில்களின் சுவடு எதுவும் என் கண்ணிற் படவில்லை. வீதியோரக் கடையில் பப்பாசியும் கொய்யாவும் கச்சானும் இருந்தன. மூன்றும் ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் அமெரிக்கக் கண்டத்தில் கண்டு உலகுக்குக் கொண்டுவந்தவை. அன்னமுன்னா என்ற பழத்தின் பெயரோ, கரீபியன் தீவு மக்களிடமிருந்து ஸ்பானியர் பெற்ற ‘அனோனா’வேதான். நாம் கொச்சிக்காய் என்கிறோமே, அதுவும் அப்படி வந்ததே. கொச்சித் துறைமுகம் இடையில் தன் பெயரை ஒட்டிவிட்டது. குடாநாட்டுப் புகையிலையை எல்லோரும் சொல்வார்கள். கதிரை, வாங்கு, பாண், அலவாங்கு என்று சொற்களை அடுக்கவும் எல்லோருக்கும் தெரியும். பழமும் சொல்லும் நம்மை நோகடித்ததில்லை. நான் அதிக நேரம் தங்க விரும்புவது வேறொரு சொல்லில்.

இலங்கையின் ஆங்கிலப் பதிவுகளில் நமது இனத்தின் பெயர் ‘மூர்’. தமிழில் சோனகர் என்று எழுதுகிறோம். அது யவனர் என்பதன் திரிபு என்பர், தமிழ் தந்த பழைய பெயர். மூர் என்பது அப்படியல்ல. வடமேற்கு ஆபிரிக்க மக்களுக்கு உரோமர் இட்ட ‘மவுரி’ என்ற பெயர், ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் முஸ்லிம் எவரையும் குறிக்கும் சொல்லாகி, அங்கே எழுநூறு எண்ணூறு ஆண்டுப் போரின் பகைமையையும் சுமந்துகொண்டது. 1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனடா ஒப்படைக்கப்பட்டது. கொலம்பஸ் அப்போது அங்கேயே இருந்தான். அதே ஆண்டு ஓகஸ்டில் பாய் விரித்தான். மார்க்கத்துக்குப் பாதுகாப்புத் தருவதாக கிரனடா முஸ்லிம்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட உடன்படிக்கை பத்தாண்டு கூட நிலைக்கவில்லை. கட்டாய ஞானஸ்நானம் வந்தது. அப்படி மதம் மாற்றப்பட்டவர்களின் சந்ததியான மொரிஸ்கோக்களையும் நம்ப முடியாது என்று 1609 முதல் 1614 வரை சுமார் 3 இலட்சம் பேரைக் கப்பலேற்றித் துரத்தினான் ஒரு மன்னன். யார் அவன்? யாழ்ப்பாணத்தை வென்ற அதே மூன்றாம் பிலிப்.

அவன் மகன் நான்காம் பிலிப்பின் காலத்தில், 1626இல், மன்னனின் கட்டளை என்று சொல்லி இலங்கையின் போர்த்துக்கேயப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அதை நிறைவேற்றியவன் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. கண்டி மன்னன் செனரத் அவர்களில் 4000 பேரை மட்டக்களப்பில் இருத்தினான் என்று குவேரோஸ் பாதிரியார் எழுதுகிறார். கிழக்கில் முஸ்லிம் குடியிருப்பே அன்றுதான் தொடங்கியது என்று சிலர் பேசுவது பொருந்தாது. அகதிகளுக்கு முன்பே அங்கு நமது மக்கள் இருந்தனர். ஆனால் 1609ஐயும் 1626ஐயும் தனித்தனிக் கதைகளாகப் படிப்பதும் பொருந்தாது. வலென்சியாவில் வெளியேற்றியதும் கொழும்பில் வெளியேற்றியதும் ஒரே அரச குடும்பம். இரண்டு இடத்திலும் வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஒரே பெயர்.

பூமியின் மறுபக்கமாகச் சுற்றி வந்த ஸ்பானியருக்கும் இதே பெயர்தான் வாயில் வந்தது. 1571இல் மணிலாவைப் பிடித்தபோது அங்கே ராஜா சுலைமான் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய மக்களை ‘மோரோ’ என்றார்கள். அந்தத் தீவுகளுக்கு அவர்கள் இட்ட பெயரே இரண்டாம் பிலிப்பின் பெயர்தான். மின்டனாவோ முஸ்லிம்கள் முந்நூறு ஆண்டு அடங்காமல் இருந்து, பிற்காலத்தில் வசைச்சொல்லையே கொடியாக்கிக்கொண்டனர். 2019இல் அமைந்த தன்னாட்சிப் பிரதேசத்துக்குப் பெயர் ‘பங்சாமோரோ’. மோரோ தேசம்.

இங்கே நடந்தது வேறு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கை மூர்களின் இனவியல் பற்றி உரையாற்றி, அவர்கள் இனத்தால் தமிழரே என வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் எழுதி அரபு வம்சாவழியை நிறுவ முயன்றார். இன்று வரை அந்த விவாதத்தை நமது சஞ்சிகைகள் விட்டபாடில்லை. இரு பெரியவர்களும் மல்லுக்கட்டிய அந்த ஆங்கிலத் தலைப்பிலுள்ள சொல் ஐபீரியாவின் பகைமையிலிருந்து வந்தது என்பதை ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால், இரு தரப்பு வாதமும் சற்று நிதானப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே ஒரு மரபுக் கதை உண்டு: முன்னோர் முதலில் குடியிருந்தது உசன் என்னும் ஊரில். பளையிலிருந்து மேற்கே மிருசுவில் பக்கம் அதிக தூரமில்லாத ஊர். பின்னர் நல்லூருக்கும், அங்கிருந்து இன்றைய சோனகர் தெருப் பக்கத்துக்கும் நகர்ந்தனர் என்பது கதை. உசனில் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தச் சமூகத்தை 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் நகரைவிட்டு வெளியேற்றினார்கள். அம்மாத இறுதியில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் புறப்பட்டனர். துரத்தியவர்கள் இம்முறை மட்ரிட்டின் ஆட்களல்ல, நமது மொழியையே பேசியவர்கள்.

ஸ்பெயினின் மொரிஸ்கோக்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். அரபு பேசத் தடை வந்தபின் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள், நமது முன்னோர் அரபுத்தமிழ் எழுதியதுபோலவே. ‘அல்ஹமியாதோ’ என்பது அதன் பெயர். 1884இல் அராகன் பிரதேசத்து அல்மொனசித் என்ற ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, தரைக்கடியில் மறைத்துவைத்த கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாக வெளிவந்தன. போனவர்கள் திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். 1626இல் இலங்கையில் வெளியேற்றப்பட்டவர்கள் எழுதிய ஒரு வரியையும் நான் கண்டதில்லை; அவர்களைப் பற்றி நாம் அறிவது துரத்தியவர்களின் பக்கத்துப் பாதிரியார் எழுதியதைக் கொண்டுதான். 1990 பற்றி மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டிக் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று 2011இல் அறிக்கை வெளியிட்டது. புத்தளம் முகாம்களிலிருந்து கவிதைகளும் கதைகளும் வந்தன, இன்னும் வருகின்றன. கிளிநொச்சிப் பக்கத்துச் சிறு குடியிருப்புகளிலிருந்து போனவர்களின் எழுத்து மிகக் குறைவாகவே என் கைக்கு எட்டியிருக்கிறது. அவர்களுள் அன்று பெரியவர்களாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.