பாறை பிளந்த வரலாறு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை அவை. அவற்றின் வாசகத்தைப் பலரும் அறிவர். அதனைத் தாங்கி நிற்கும் கல், பாறையினின்று எவ்வாறு பிரிந்து வந்தது என வினவுவோர் சிலரே.

வெடிமருந்து அறியாத காலம் அது. கல்தச்சர் பாறையில் உளியால் வரிசையாகக் குழிகள் வெட்டுவர். அவற்றில் ஆப்புகளை இறுக்கிச் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பர். குழிக்குக் குழி விரிசல் ஓடும். தீ மூட்டிப் பாறையின் மேற்பொருக்கைப் பெயர்த்தலும் உண்டு. மாமல்லபுரம் செல்லும் மாணவர்கள் அத்தகைய ஆப்புக்குழி வரிசைகளை இன்றும் காணலாம். கருங்கல் நசுக்கும் விசையைப் பெரிதும் தாங்கும். உள்ளிருந்து இழுத்துப் பிரிக்கும் விசைக்கோ எளிதில் இடங்கொடுக்கும். பௌதிக நூல் கூறும் இவ்வுண்மையை நம் தச்சர் கைப்பழக்கத்தால் உணர்ந்திருந்தனர்.

ஐரோப்பியச் சுரங்கங்களில் பதினேழாம் நூற்றாண்டில் கரிமருந்து புகுந்தது. 1867-இல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். வேலை விரைந்தது, விபத்தும் பெருகிற்று. இந்தியாவில் வெடிபொருள் சட்டம் 1884-இல் தோன்றியது.

பழைய ஆப்பின் தத்துவத்தையே 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானியர் புதிய வடிவில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அது வெடியாத தூள். அதன் முதன்மைப் பொருள் சுட்ட சுண்ணாம்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைக் கண்டோர்க்கு இதன் இயல்பு புதிதன்று. நீர் பட்டதும் சூடேறிப் பருக்கும். அக்குழம்பைத் துளைகளில் வார்த்தால், பல மணி நேரத்தில் பாறை ஓசையின்றிப் பிளவுறும். கல் சிதறாது, நிலம் அதிராது. வீடும் கோயிலும் அண்மையில் உள்ள இடங்களுக்கு ஏற்ற முறை இது.

வெடியாதது ஆகலின் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. துளை அளவுக்கு மேல் அகன்றாலோ, சித்திரை வெயிலில் பாறை காய்ந்து கிடந்தாலோ, இரசாயன வினை கடுகி, கொதிக்கும் காரக்குழம்பு பீறிட்டெழும். குனிந்து நோக்குபவன் கண்ணை இழப்பான். எனவேதான் வெப்பநிலைக்கு ஏற்ப வெவ்வேறு வகைத் தூள்கள் விற்கின்றனர். கண்ணாடியும் கையுறையும் அணியுமாறு பையிலேயே அச்சிடுகின்றனர். கூலிக்கு வரும் தொழிலாளிக்கு அதனைப் படித்துக் காட்டுவார் யார் என்பதே என் கவலை.

சட்டத்தின் பார்வையும் கருதத்தக்கது. வெடித்தலாலோ எரிமருந்தின் விளைவாலோ பயன் தரும் பொருள்களையே 1884-ஆம் ஆண்டுச் சட்டம் வெடிபொருள் என்றது. சுண்ணாம்புத் தூள் இவ்விலக்கணத்தில் அடங்காது. ஆனால், உள்ளே மருந்து எரிந்து எழும் வாயுவால் பாறையைப் பிளக்கும் குழல்களும் 'வெடியாதவை' என்ற பெயரோடு உலவுகின்றன. பெயர் எதுவாயினும் அவை எரிமருந்தே. சட்டத்தின் பிடிக்குள் வருவன.

2021 பிப்ரவரியில் உத்திரமேரூர்ப் பகுதியைச் சேர்ந்த மதூரில், கல்குவாரியில் பாறை சரிந்து உயிர்கள் மாண்டன. எம்முறையால் பிளந்தாலும், செங்குத்தாக நிற்கும் பாறைச்சுவர் தன் எடையாலேயே சரியக்கூடும். இதனை எண்ணியே, 1961-இல் வகுக்கப்பட்ட உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், கடினப் பாறையைப் படிபடியாக வெட்டுக என்றும், ஒரு படியின் உயரம் பொதுவாக 6 மீட்டருக்கு மேற்படலாகாது என்றும் விதித்தன.