பொருளியல் கற்றல் மதிப்பீடு (இலங்கை)

பொருளியல் பயிலும் மாணவரின் விளக்கத்தை அளக்கும் முறைகள். இலங்கையில் இம்மதிப்பீட்டின் முதற் பெரும் படி க.பொ.த. உயர்தரப் பரீட்சை. வர்த்தக, கலைப் பிரிவு மாணவர்கள் இதில் பொருளியலுக்கு இரு வினாத்தாள்களை எதிர்கொள்கின்றனர்: 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம், கட்டுரை வினாக்களுக்கு 3 மணித்தியாலம்.

பல்தேர்வில் தப்பும் குழப்பம் வரைபடத்தில் அகப்பட்டுவிடும். எடுத்துக்காட்டாக, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ள களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். மாரி வெள்ளம் தோட்டங்களை அழித்தால் வெற்றிலையின் நிரம்பல் வளையி இடப்பக்கம் பெயரும். சமநிலை விலை ஏறும். விலை ஏறியதென்று கேள்வி வளையியையும் நகர்த்தும் மாணவர், கேள்விக்கும் கேள்வித்தொகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடிக்கவில்லை.

2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு, உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைப் பாடங்களுக்கிடையே ஒப்பிடத்தக்கதாகச் சீராக்கிய இசட் புள்ளி அடிப்படையாக உள்ளது. 

அமெரிக்காவில் 1960களின் இறுதியில் கல்லூரிப் பொருளியலுக்கெனப் பொதுவான பல்தேர்வுச் சோதனை உருவானது. பாடத் தொடக்கத்திலும் முடிவிலும் அதை நடத்தி, இடைப்பட்ட முன்னேற்றத்தைக் கணிக்கின்றனர். உயர்தரப் பரீட்சையோ இறுதி அடைவை மட்டுமே அளக்கிறது.