சேர்வராயன் மலையில் முன்பணமும் சட்டமும்

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபி பயிரிட்டார். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கிரேஞ்ச் எஸ்டேட் மலையின் மிகப் பழைய தோட்டங்களில் ஒன்று. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் தினையும் சாமையும் விதைத்து வாழ்ந்த மலை அது. ஐரோப்பியர் அடுத்தடுத்துத் தோட்டம் போட்டனர். நிலம் கிடைத்த வேகத்தில் ஆள் கிடைக்கவில்லை. சொந்தக் காடு உள்ள குடும்பம் ஆண்டு முழுக்கப் பிறர் தோட்டத்தில் கிடக்க வேண்டிய தேவை இல்லை. காபிப் பழமோ காத்திருக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பழுக்கப் பழுக்கப் பறித்தாக வேண்டும். ஆகவே அடிவாரத்து ஊர்களிலிருந்தும் ஆள் திரட்ட வேண்டியிருந்தது. அந்த வேலை மேஸ்திரியிடமும் கங்காணியிடமும் போயிற்று. அவர்கள் கையில் இருந்த கருவி முன்பணம்.

தென்னிந்தியத் தோட்டங்கள் எங்கும் இதன் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். துரை மேஸ்திரிக்குப் பணம் தருவார். மேஸ்திரி அதைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஆட்களை மலையேற்றுவார். கூலியில் கடன் கழியும். ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப மேஸ்திரிக்குக் கமிஷன் உண்டு. கணக்கு முழுவதும் அவரிடமே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரின் கடன் எப்போது தீர்ந்தது என்பதை அவரே சொல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. பஞ்ச காலத்தில் முன்பணத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. இதே மாவட்டத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் திரட்டினர்.

சட்டம் அப்போது எந்தப் பக்கம் நின்றது என்பதே இந்த வரலாற்றின் மையம். அடிமையை உடைமையாக நீதிமன்றம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அறிவித்தது. அடிமையாக ஆளை வாங்குவதையும் விற்பதையும் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில், 1859இல், வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் வந்தது. கல்கத்தா வணிகர்களின் வேண்டுகோளால் பிறந்த இச்சட்டம் முதலில் மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கு மட்டுமே உரியது. பின்னர் மற்ற பகுதிகளுக்கும் விரிந்து தோட்ட முதலாளிகளின் கைக்கு வந்தது. முன்பணம் வாங்கியவர் வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் தரலாம். பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடி என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி தராத முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் சிறை இல்லை. கடன் என்பது உரிமையியல் விவகாரம். அதைக் கொடுத்தவருக்காக வாங்கியவரைச் சிறைக்கு அனுப்பியது அரசே. தப்பிப் போன கூலியாளைத் திருப்பிக் கொண்டுவரும் ஏவலாளாக அது நீதிமன்றத்தை மாற்றியது.

இதுவும் தோட்டக்காரர்களுக்குப் போதவில்லை. 1893இல் தென்னிந்தியத் தோட்டக்காரர்களின் ஐக்கிய சங்கம் உருவானது. ஆட்கள் முன்பணத்தோடு ஓடிப் போகிறார்கள் என்ற முறையீடு தொடர்ந்தது. 1903இல் சென்னை தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. இருப்பிடம், மருத்துவம் ஆகியவை பற்றிய கடமைகளை முதலாளி மீது சுமத்திய அதே சட்டம், ஓடிப் போனவருக்குச் சிறையையும் தக்க வைத்தது. முதல் உலகப் போருக்குப் பின்னர்தான் காற்று திசை மாறியது. இலங்கையில் கூலியாளின் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை 1925இல் மத்திய சட்டசபை ரத்துசெய்தது. ரத்து 1926 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னைச் சட்டமும் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் மறைந்தது. கடனுக்காகச் சிறைக்குப் போகும் அச்சம் நீங்கியது, கடன் நீங்கவில்லை.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு மனிதரை வணிகப் பொருளாக்குவதையும் கட்டாய வேலையையும் தடைசெய்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், வீடு, குழந்தைக் காப்பகம், விடுப்பு எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக்கியது. ஏற்காட்டின் பெரிய எஸ்டேட்டுகளில் லைன் வீடுகளுக்குச் சட்டத் தரம் என்று ஒன்று ஏற்பட்டது இதனால்தான். தொடக்கத்தில் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் உள்ள தோட்டங்களே இதற்குள் வந்தன. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் வரம்பை 5 ஹெக்டேராகவும் 15 பேராகவும் குறைத்தது. நாட்டின் காபித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்கும் சிறியவை. ஆகவே நான்கைந்து ஏக்கர் தோட்டத்தில் பருவத்துக்கு மட்டும் பழம் பறிக்க வந்தவர் இச்சட்டத்துக்கு வெளியிலேயே நின்றார். இது அச்சட்டத்தின் பெரிய ஓட்டையாக இருந்தது.

முன்பணத்தின் வேரையே தொட்டது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். படியாள், பண்ணையாள், வெட்டி ஆகிய தமிழ்நாட்டு முறைகளையும் பெயர் சொல்லிக் குறிக்கும் சட்டம் இது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பு இச்சட்டத்தோடு ஒழிந்தது. கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் மேல் விழுந்தது. அவருக்கு மூன்றாண்டு வரை சிறை. 1859இல் இருந்த நிலை தலைகீழாகத் திரும்ப 117 ஆண்டுகள் ஆயின. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதும் கட்டாய வேலையே என்று 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் பற்றிய ஏஷியாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

ஆனால் சட்டம் தானாக நடக்காது. உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் 1995இல் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை தந்தனர். மலையடிவாரத்துச் சேலத்தின் வெள்ளித் தொழிலில் முன்பணத்துக்கு அடகாகச் சிறுவர்கள் உழைத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 1996ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. பக்கத்து மலைகளிலும் தரகரின் முன்பணம் ஆட்களைப் பிடித்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 தமிழ்நாட்டுத் தொழிலாளரில் மலையாளிப் பழங்குடியினரும் இருந்தனர். செம்மரம் வெட்ட அவர்களைக் கூட்டிப் போன தரகு வலை, பழைய மேஸ்திரி முறையின் வாரிசு. சுரண்டலுக்காக ஆளைக் கடத்துவதை விரிவாகக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவுத் திருத்தம் 2013இலேயே வந்துவிட்டது. இருந்தும் அன்று பேசப்பட்டது மரத் திருட்டுதான். ஆள் பிடித்தவர்களைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் மீட்கப்பட்ட கொத்தடிமைக்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை உதவி தருகிறது. அதைப் பெற விடுதலைச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வழங்கும் பொறுப்பு வருவாய்த் துறையுடையது. முன்பணத்தைக் காட்டி யாரேனும் வெளியே போக விடாமல் தடுக்கப்பட்டால், ஏற்காட்டிலாயினும் அடிவாரத்திலாயினும், மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் தரலாம். வாங்கிய பணத்தை முதலில் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.