நல்லாசிரியரை அளக்கும் துலாக்கோல்

ஒருவர் பிறருக்குக் கற்பிக்கத் தகுதி உடையவர்தாமா என்பதை எதனைக்கொண்டு அறிவது? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறியதோடு அமையவில்லை. ஆசிரியராகும் தகுதி இல்லாதாருக்கும் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகளை வகுத்தார். கழற்சிக்காய் நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால், காய்கள் இட்ட முறையில் வெளிவாரா. பஞ்சு அடைத்த குண்டிகையோ எளிதில் எதனையும் வெளிவிடாது. இவ்விரண்டும் நிறைந்த கலங்களே. குறை, வழங்கும் முறையில் இருக்கின்றது. கற்றவர் யாவரும் கற்பிக்க வல்லவர் அல்லர் என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

ஏட்டுத் தேர்வில் பெற்ற புள்ளிகளை மட்டும் நோக்காது, வகுப்பறையில் ஒருவர் செய்துகாட்டும் பணியைக்கொண்டு அவர் தகுதியை அறியும் முறையை இன்றைய கல்வியாளர் செயல்திறன் மதிப்பீடு என்பர். அம்முறை கடந்துவந்த பாதையை அறிதல், புதிய ஆசிரியர்களை உருவாக்கும் பொறுப்புடைய நமக்குப் பயன் தரும்.

1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம்மவர் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் விடுதியிலும் புகுத்த விழைந்தார். ஊதியம் பெற்ற துணையாசிரியர்கள் அதற்கு இசையவில்லை. ஆகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வென்று காட்டினான். பதவியைக் காட்டிலும் செயலே சான்று என்பதற்கு அந்நிகழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டாயிற்று. 1797இல் பெல் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. எனினும், தான் அறிந்ததை அப்படியே ஒப்புவிக்கும் சிறுவன், ஆசிரியன் ஆகிவிட மாட்டான் அல்லவா?

அக்குறையை நீக்க முனைந்தவர் கே ஷட்டில்வொர்த். 1846ஆம் ஆண்டு அவர் கொணர்ந்த திட்டத்தின்படி, 13 வயது நிரம்பியோர் ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரிடம் ‘மாணவ ஆசிரியராக’ப் பயின்றனர். ஆண்டுதோறும் அரசாங்கக் கண்காணிப்பாளர் அவர்களைச் சோதித்தார். தேர்ச்சிக்கு ஏற்ப உதவித்தொகை 10 பவுனிலிருந்து 20 பவுன் வரை உயர்ந்தது. குருவின் அருகிருந்து செய்து பழகுதலும், பழகியதைப் பிறர் நோக்கி மதித்தலும் அங்கு இணைந்தன.

ஆனால் 1862இல் ராபர்ட் லோ கொணர்ந்த திருத்த விதிகள் காற்றைத் திசைமாற்றின. பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பெறும் தேர்ச்சியைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் என்றாயிற்று. ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் இழப்பு. விளைவு யாது? ஆசிரியரின் பிழைப்பு பிள்ளையின் நாவில் தொங்கியது. கண்காணிப்பாளர் வரும் நாளை எண்ணி, வாசிப்புப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர். மாணவ ஆசிரியராகச் சேர்வோர் தொகையும் குறைந்தது. கவிஞரும் பள்ளிக் கண்காணிப்பாளருமான மேத்யூ ஆர்னல்டு இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். சென்னை மாகாணத்திலும் பின்பற்றப்பட்ட இம்முறை, இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் முற்றும் ஒழிந்தது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் ‘நுண்ணிலைக் கற்பித்தல்’ முறையை வகுத்தனர். பயிற்சி ஆசிரியர் நான்கைந்து மாணவர்களுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே கற்பிப்பார். அப்பாடம் ஒளிப்பதிவு செய்யப்படும். பின்னர்த் தம் பாடத்தைத் தாமே கண்டு, குறை களைந்து, மீண்டும் கற்பிப்பார். இங்கு மதிப்பீடு தீர்ப்பாக அமையாமல் கண்ணாடியாக அமைந்தது.

1998ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலம், பயிற்சி ஆசிரியர் யாவரும் செயல்திறன் மதிப்பீட்டில் தேறவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அதன் வழியில் ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘எட்டிபிஏ’ என்னும் மதிப்பீடு 2013இல் பல மாநிலங்களுக்குப் பரவியது. திட்டமிடல், கற்பித்தல், மாணவர் அடைவை மதிப்பிடல் என்னும் மூன்று பணிகளுக்கும் பாடத்திட்டம், ஒளிப்பதிவு, மாணவர் பயிற்சித் தாள், தம் கற்பித்தல் குறித்த விளக்கம் ஆகியவற்றைப் பயிற்சி ஆசிரியர் ஒப்படைத்தார். ‘ஏன் இவ்வாறு கற்பித்தீர்? இம்மாணவன் எதனைப் புரிந்துகொள்ளவில்லை? அடுத்து என் செய்வீர்?’ என வினவிய வகையில் அது சிறந்ததே. எனினும் 300 டாலர் கட்டணமும், பக்கம் பக்கமாக எழுதும் சுமையும், வகுப்பைக் கண்டறியாத ஒருவர் தொலைவிலிருந்து புள்ளியிடுதலும் மனக்குறையை வளர்த்தன. ஜார்ஜியா 2020இலும், வாஷிங்டன் 2021இலும், நியூயார்க் 2022இலும் அதனைக் கட்டாயமாக்கிய விதியைக் கைவிட்டன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வணிகரின் துலாக்கோல் அரிசியை நிறுக்கும்போது அரிசி மாறுவதில்லை. ஆசிரியரை நிறுக்கும் கோலோ, நிறுக்கப்படுபவரையே மாற்றிவிடுகின்றது. பிள்ளையின் ஒப்புவித்தலை நிறுத்தால் ஆசிரியர் நெட்டுருவை வளர்ப்பார். வகுப்பறை அலங்காரத்தை நிறுத்தால் வண்ணத்தாள் வெட்டுவார். பிள்ளையின் பிழையை ஆராயும் திறனை நிறுத்தால் ஆராயக் கற்பார்.

நம் நாட்டிலும் ஆசிரியர் கல்விக் கழக மாணவர்கள் பயிற்றுப்பணிக்காகப் பள்ளிகளுக்கு வருகின்றனர். விரிவுரைஞர் நோக்க வரும் நாளில் மட்டும் பயிற்றுத் துணைப்பொருள் மேசையை நிறைக்குமாயின், நாமும் 1862ஐ நோக்கியே நடக்கின்றோம் எனலாம். ஆண்டு ஒன்றில் கடைசி வரிசையில் அமர்ந்து ‘ழ’கரத்தோடு போராடும் பிள்ளையை அப்பயிற்சி ஆசிரியர் எவ்வாறு அணுகினார், மறுநாள் எதனை மாற்றினார் என்பதே நோக்கத் தக்கது. அதனை ஒரு நாள் வருகையால் காண இயலாது. நாள்தோறும் உடனிருக்கும் வழிகாட்டி ஆசிரியரும் தலைமையாசிரியருமே காணவல்லவர். ஆகவே, நோக்குவதற்குரிய நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குதலும், மதிப்பீட்டுத் தாளை நிரப்பும் முன் பயிற்சி ஆசிரியருடன் அமர்ந்து உரையாடுதலும் இன்றியமையாதன.

தகுதியற்ற ஒருவரைத் தேர்ந்தோர் பட்டியலில் சேர்ப்பின், அதன் விலையைத் தமிழ்ப் பிள்ளைகள் பல்லாண்டு கொடுப்பர். தகுதியுள்ள இளைஞரை ஒரு நாள் தடுமாற்றத்திற்காகத் தள்ளிவிடின், அவ்விழப்பும் அவர்களுக்கே. பவணந்தியார் துலாக்கோலை ஆசிரியருக்கு உவமை கூறினார். ஆசிரியரை நிறுப்போர் கையிலும் அக்கோல் கோணாது நிற்றல் வேண்டும்.