கிஸ்தி: ஒரு கெடுவின் பெயர்

பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் வேடம் கட்டும் பிள்ளைக்கு 'கிஸ்தி' என்ற சொல் தடுமாறாமல் வரும். பொருள் கேட்டால் 'வரி' என்று சொல்லும். 1959இல் வந்த திரைப்படம் அந்தச் சொல்லை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் பாளையக்காரர்களிடம் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கேட்ட பணத்துக்குக் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், வழங்கிய பெயர் பேஷ்குஷ்; நம் சொல்லில் கப்பம். அதைப் பகுதி பகுதியாகக் கட்டும்போது ஒவ்வொரு பகுதியும் ஒரு கிஸ்தி. அதாவது, எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே இந்தச் சொல்லில் முந்தி நிற்கிறது. கிஸ்தியைக் கெடுவின் பெயர் என்று சொல்வதே சரி.

மூலம் அரபு. அங்கே 'கிஸ்த்' என்றால் பங்கு; நேர்மை, நீதி என்றும் பொருள் உண்டு. அவரவருக்கு உரியதை அளந்து கொடுப்பது நீதி என்ற எண்ணத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன போலும். பாரசீகம் வழியாக மொகலாயர் கணக்குக்கும், பிறகு ஆற்காட்டு நவாபின் கச்சேரிக்கும் வந்தபோது நீதி உதிர்ந்துபோய்ப் பங்கு மட்டும் மிஞ்சியது. தாசில்தார், ஜமாபந்தி, பசலி, ஜப்தி, வசூல், பாக்கி எல்லாம் இதே கூட்டத்துச் சொற்கள். கும்பினி நாட்டைப் பிடித்தபோது இந்த அகராதியையும் மாற்றாமல் எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரக் கலெக்டர்கள் தங்கள் கடிதங்களில் 'கிஸ்ட்' என்றே எழுதினார்கள்.

கெடு குடியானவனின் வாசலுக்கே வந்தது ரயத்துவாரி முறையில். 1792இல் திப்புவிடமிருந்து கிடைத்த பாராமகாலில், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் அதைத் தொடங்கினார்கள். மன்றோ ஆளுநரான 1820இல் அது சென்னை மாகாணத்தின் பொது முறையாயிற்று. நடுவில் ஜமீன்தார் இல்லை. உழுகிறவன் பேரிலேயே பட்டா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மழை பொய்த்தாலும் கிஸ்தி நாள் பொய்க்காது. கதிர் வயலில் நிற்கும்போதே கெடு வந்துவிட்டால் வட்டிக்கு வாங்க வேண்டும், இல்லையென்றால் வந்த விலைக்கு விளைச்சலைப் பேசி விட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதவனைத் தாசில்தாரின் ஆட்கள் கச்சேரிக்கு இழுத்துப்போனார்கள்.

அங்கே இரண்டு தமிழ்ச் சொற்கள் காத்திருந்தன. ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே கையை வைத்து, வலி பொறுக்கமுடியாத மட்டும் நெருக்குவது. மற்றொன்று அண்ணந்தாள். ஆளைக் குனியவைத்து, அவன் துணியையோ கயிற்றையோ கழுத்தின் மேலாகவும் கால்விரலுக்கு அடியிலுமாகக் கொடுத்துக் கட்டி, நிமிர முடியாமல் வெயிலில் நிறுத்துவது. சில வேளை முதுகில் கல்லையும் ஏற்றுவார்கள். கிஸ்தி கச்சேரி வழி வந்த சொல். அதைக் கறக்கும் கருவிகளுக்கு நம் ஊர்ச் சொற்களே போதுமாக இருந்தன. பிள்ளைகள் ஆடும் கிட்டிப்புள்ளிலும் ஒரு கிட்டி இருப்பது நினைவுக்கு வந்தால் மனம் சங்கடப்படுகிறது.

இதை வெளியே கொண்டுவந்தவர் சென்னை வணிகர் காசுலு லட்சுமிநரசு செட்டி. 1844இல் 'கிரசென்ட்' இதழைத் தொடங்கியவர்; 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவியவர். சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. 1853இல் டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தபோது, செட்டியார் அவரை ஊர் ஊராக அழைத்துப்போய்க் குடியானவர்களிடம் பேசவைத்தார். அடுத்த ஆண்டு லண்டனில் விவாதம் எழுந்தது. சித்திரவதை விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. வந்து குவிந்த புகார்கள் ஏறத்தாழ 2000. 1855இல் வெளியான அறிக்கை சித்திரவதை உண்மை என்று ஒப்புக்கொண்டது. பழியை மட்டும் உள்ளூர்ச் சிப்பந்திகள் தலையில் வைத்து, வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்துவைத்து எழுதினார். கெடுவை வைத்தவன் யார் என்ற கேள்வியைக் குழு கேட்கவில்லை என்பதே என் குறை.

ஆனாலும் ஒன்று நடந்தது. அதுவரை வரி தண்டிய தாசில்தாரே காவல் அதிகாரியுமாக இருந்தார். அடித்தவரிடமே போய் முறையிட வேண்டிய நிலை. 1859இல் வந்த சட்டம் போலீஸைத் தனித் துறையாக்கியது. சென்னை மாகாணப் போலீஸின் பிறப்புக்கு ஒரு காரணம் கிஸ்தி.

மனு எழுதிய காலம் போய், கட்டமாட்டோம் என்று சொல்லும் காலம் வர இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒத்துழையாமையின்போது, 1921-22இல், இதே மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தில் பெதநந்திபாடு வட்டாரம் பர்வதனேனி வீரய்ய சௌதரி தலைமையில் வரியை நிறுத்தியது. கிராம அதிகாரிகள் கூட்டமாக வேலையை விட்டார்கள். கெடு வந்தது, தண்டுவதற்கு ஆளில்லை. பிறகு சௌரி சௌரா நிகழ்ச்சியை அடுத்துக் காந்தி இயக்கத்தையே நிறுத்திவைத்தார்.

விடுதலைக்குப் பின் சொல் மெலிந்துவிட்டது. கிராமத்தில் கிஸ்திக் கணக்கையும் வசூலையும் பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் தமிழ்நாட்டில் ஒழிந்தன. நிலவரிக் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி இன்றும் தாலுகா அலுவலகங்களில் நடக்கிறது. மக்கள் அங்கே போவது பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று மனு கொடுக்கத்தான். நிலத் தகராறு கோர்ட்டுக்குப் போனால் மட்டும் பழைய கிஸ்தி ரசீதுகளுக்கு உயிர் வரும். நிலம் என் அனுபவத்தில் இருந்தது என்று காட்ட, தாத்தா கட்டிய சில ரூபாய்க்கான மஞ்சளேறிய தாளை வக்கீல் கேட்டு வாங்குவார்.

தமிழில் இந்தச் சொல் நிலத்தை விட்டு நகரவே இல்லை. வண்டிக் கடனுக்கும் நகைக்கடைச் சீட்டுக்கும் நாம் கட்டுவது தவணை, பேச்சில் 'டியூ'. இந்தியிலோ எல்லாத் தவணையும் 'கிஸ்த்'தான். 2019 முதல் ஒன்றிய அரசு உழவர் கணக்கில் ஆண்டுக்கு 6000 ரூபாயை மூன்று பகுதிகளாகப் போடுகிறதே, அதையும் இந்திச் செய்தித்தாள்கள் 'கிஸ்த்' என்றே எழுதுகின்றன. அங்கே இப்போது கிஸ்தி உழவனுக்கு வருகிற பணம். அதே பணத்தைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் 'தவணை' என்றுதான் எழுதுகின்றன.