எக்லிப்ஸ்: ஒரு பொலிகுதிரையின் வரலாறு

மும்பை மகாலட்சுமி இரயில் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் நம் சங்கத்து அன்பர்களுக்கு, அதனருகே விரிந்து கிடக்கும் குதிரைப் பந்தயத் திடல் கண்ணுக்குப் பழகிய காட்சியே. அங்கு ஓடும் தரோபிரெட் குதிரைகளின் தந்தைவழியை வம்சாவளி ஏட்டில் பின்னோக்கிப் புரட்டிச் செல்வோமாயின், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வழிகள் 1764ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இங்கிலாந்தில் பிறந்த ஒரே குதிரையினிடம் சென்று நிற்கும். பந்தயத்திற் பொருளிழந்தோர் கதையை இங்கு உரைக்கப் புகவில்லை. அது யாவரும் அறிந்ததே. குதிரையின் கதையையே கூற விழைகின்றோம்.

அக்குட்டி பிறந்த அன்று சூரிய கிரகணம். அதனால் 'கிரகணம்' எனப் பொருள்படும் எக்லிப்ஸ் என்பதே அதன் பெயராயிற்று. வளர்த்தவர் அரசகுடும்பத்தைச் சேர்ந்த கம்பர்லாந்துக் கோமகன். தந்தை மார்ஸ்க், தாய் ஸ்பில்லெட்டா. மறு ஆண்டே கோமகன் காலமாக, லாயம் முழுவதும் ஏலத்திற்கு வந்தது. வாங்கியவர் வைல்ட்மன் என்னும் இறைச்சி வணிகர். விலை 75 கினி. அவர் வந்து சேர்வதற்குள் ஏலம் தொடங்கிவிட்டதென்றும், தம் கடிகாரத்தைக் காட்டி, குறித்த நேரத்திற்கு முன்னரே தொடங்கியது முறையன்று என வாதாடி மீண்டும் ஏலங்கூற வைத்தாரென்றும் ஒரு வழக்கு உண்டு.

குதிரையோ பெருங்கோபி. அடக்க இயலாத ஆண்குதிரையைக் காயடித்துவிடுதலே அக்கால வழக்கமாதலின், எக்லிப்ஸுக்கும் அதனையே செய்துவிடலாமா என்னும் பேச்சு எழுந்தது. இறுதியில், முரட்டுக் குதிரைகளைப் பழக்கும் ஒருவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. அவர் பகலிலும் இரவிலும் அதனை ஓயாது ஓட்டி ஒருவாறு வழிக்குக் கொணர்ந்தார். அன்று கத்தி வென்றிருக்குமேல், இன்று உலகெங்கும் ஓடும் பந்தயக் குதிரையினமே வேறொன்றாக இருந்திருக்கும்.

ஐந்தாம் வயதிலேதான் எக்லிப்ஸ் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கிற்று. இடம் எப்சம்; நாள் 1769 மே 3. அக்காலப் பந்தயம் இன்றுபோல் ஓரிரு நிமிடத்தில் முடிவதன்று. நான்கு மைல் ஓடிச் சிறிது இளைப்பாறி, மீண்டும் நான்கு மைல் ஓடவேண்டும். முதற்சுற்றில் எக்லிப்ஸ் எளிதில் வென்றது. அடுத்த சுற்றில் குதிரைகள் எந்த வரிசையில் வரும் என்று முன்கூட்டியே உரைப்பதாகப் பந்தயம் கட்டினார் டெனிஸ் ஓகெல்லி என்னும் ஐரிஷ்காரர். பல்லக்குச் சுமந்தும் கடன்காரர் சிறையில் கிடந்தும் மேலேறி வந்தவர் அவர். "எக்லிப்ஸ் முதலாவது, மற்றவை எங்குமில்லை" என்றார். வெல்லும் குதிரைக்கு 240 கெஜத்திற்கு மேல் பின்தங்கியவற்றிற்கு நடுவர் இடமே குறிப்பதில்லை என்பது அன்றைய விதி. எனவே அவர் கூற்று வெறும் வீம்பன்று. விதியறிந்து சொன்ன சொல். அவ்வண்ணமே நடந்தது.

அவ்வாண்டிலேயே ஓகெல்லி 650 கினி கொடுத்துக் குதிரையிற் பாதி உரிமை பெற்றார். 1770இல் 1,100 கினிக்கு எஞ்சிய பாதியையும் வாங்கினார். ஈராண்டுகளுள் எக்லிப்ஸ் வென்ற பந்தயங்கள் பதினெட்டு, தோற்றது ஒன்றுமில்லை. எதிர்த்து ஓட்ட எவரும் முன்வராமையால் சிலவற்றில் தனியே நடந்து சென்றே பரிசைப் பெற்றது. அதன்மேல் எதிர்ப்பந்தயம் கட்டவும் ஆளில்லாத நிலையில் ஓட்டம் முடிவுற்றது. ஆயினும் உயர்குடியினரின் ஜாக்கி கிளப் ஓகெல்லியைத் தம் உறுப்பினராக ஏற்கவேயில்லை. குதிரைக்குக் குலம் பார்த்தோர் மனிதனுக்கும் பார்த்தனர்!

குலம் என்றதும் ஓர் ஐயத்தைச் சொல்லியாக வேண்டும். எக்லிப்ஸின் உண்மைத் தந்தை மார்ஸ்க் அன்று, ஷேக்ஸ்பியர் என்னும் மற்றொரு குதிரையே என்று அன்றே சிலர் கூறினர். கோமகன் இறந்தபின் மலிவாக விற்கப்பட்ட மார்ஸ்கை 20 கினிக்குத் தேடி வாங்கியவரும் அதே வைல்ட்மன்தான். மகன் புகழ் பெற்றபின் தந்தையை 1,000 கினிக்கு விற்றார். ஆகவே மார்ஸ்கே தந்தை என நாட்டுவதில் அவருக்கு ஊதியம் இருந்தது. ஏடு மார்ஸ்க் என்றே கூறுகின்றது. நாமும் அதனையே கொள்கின்றோம். எனினும் வேடிக்கை யாதெனில், இரண்டு வழியிற் சென்றாலும் சேருமிடம் ஒன்றே. 1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த டார்லி அரேபியன் என்னும் அரபுக் குதிரையே இருவழிக்கும் மூலம்.

பொலிகுதிரையாக எக்லிப்ஸ் பெற்ற வெற்றி உடனே முழுதும் விளங்கவில்லை. அதன் மக்கள் 1781, 1783, 1784ஆம் ஆண்டுகளில் டெர்பி பந்தயத்தை வென்றனவாயினும், ஆண்டுக் கணக்கில் முதலிடம் ஹெராட் என்னும் குதிரைக்கும், பின் அதன் மகன் ஹைஃபிளையருக்குமே சென்றது. ஒருமுறையேனும் எக்லிப்ஸ் அப்பட்டியலில் முதலாவதாக வரவில்லை. இன்றோ ஹெராடின் தந்தைவழி மெலிந்து அருகிவிட்டது. எக்லிப்ஸின் வழி தழைத்தமைக்குப் பெரிதும் காரணம் 1773இல் பிறந்த ஒரு மகன். அதற்கு 'பொட்டேட்டோஸ்', அதாவது உருளைக்கிழங்கு, என்று பெயரிட்டனர். லாயத்துச் சிறுவன் ஆங்கில எழுத்தாகிய 'ஓ'வை எட்டு முறை இட்டு எழுதிவைக்க, அதுவே 'பாட்-எட்டு-ஓஸ்' என எண்ணும் எழுத்துமாக ஏட்டில் நிலைத்துவிட்டது. அதன் மகன் வாக்ஸி 1793இல் டெர்பியை வென்று அவ்வழியைப் பெருக்கிற்று.

1789 பிப்ரவரி 27இல் எக்லிப்ஸ் வயிற்றுநோயால் இறந்தது. உடலை அறுத்து ஆராய்ந்தவர் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் சேன்பெல். அதன் இதயம் 14 பவுண்டு நிறை இருந்ததாகச் சொல்வர். உறுப்புக்களை அளந்து அவர் 1791இல் நூல் வெளியிட்டார். அவ்வாண்டே இலண்டனில் நிறுவப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முதல் தலைவரும் ஆனார். பிரிட்டனில் அத்துறைக் கல்விக்கு அதுவே தொடக்கம்.

அக்கல்லூரியிலேயே எக்லிப்ஸின் எலும்புக்கூடு இன்றும் நிற்கின்றது. குளம்புகளில் ஒன்றைப் பொன்னிற் பதித்து நான்காம் வில்லியம் மன்னர் 1832இல் ஜாக்கி கிளப்புக்கு அளித்தார். எக்லிப்ஸின் குளம்பு தம்மிடமே உள்ளதெனப் பின்னர் உரிமை கொண்டாடியோரின் எண்ணிக்கையைக் கூட்டினால், அக்குதிரைக்குக் கால்கள் நான்குக்கும் மேல் வேண்டும்.