அயல்நாட்டு மருத்துவப் பட்டமும் அங்கீகாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

அயல்நாட்டில் மருத்துவம் பயின்று திரும்பும் மாணவரிடம் இருப்பது பட்டம். மருத்துவராகப் பணியாற்றும் உரிமையை அளிப்பதோ தாய்நாட்டின் பதிவேடு. இவ்விரண்டிற்கும் இடையிலான இடைவெளி அண்மைக்காலச் சிக்கலாகவே பெரிதும் பேசப்படுகிறது. அதன் வேர்களையும், அங்கீகாரம் மாறும்பொழுது மாணவரைக் காப்பது எது என்பதையும் இக்கட்டுரையில் நாம் நோக்க முற்படுகிறோம்.

பிரிட்டனின் 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் பொது மருத்துவ மன்றத்தையும் மருத்துவர் பதிவேட்டையும் தோற்றுவித்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்ற நாடுகளின் பட்டங்களையும் அயல்நாட்டுப் பட்டங்களையும் பரிமாற்ற அடிப்படையில் ஏற்க வழிசெய்தது. சிங்கப்பூரில் 1905இல் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளியில் முதல் எழுவர் 1910இல் தேர்ச்சி பெற்றனர். ஆயினும் அப்பள்ளியின் பட்டயத்தை அம்மன்றம் 1916இல்தான் ஏற்றது. அதன் பின்னரே அது பேரரசின் பிற பகுதிகளிலும் செல்லுபடியாயிற்று. அவ்வாண்டில் கல்வித்தரம் திடீரென உயர்ந்துவிடவில்லை, சட்டநிலையே மாறியது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு இந்தியாவில் நேர்ந்தது. மகப்பேற்றுப் பயிற்சியின் போதாமை, தேர்வுகளைக் கண்காணிக்கும் அதிகாரம் ஆகியவை குறித்து நீடித்த பூசலின் முடிவில், 1930இல் பொது மருத்துவ மன்றம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களுக்கு அளித்த ஏற்பை விலக்கிக் கொண்டது. இந்திய மருத்துவ மன்றத்தை உருவாக்கிய 1933ஆம் ஆண்டுச் சட்டம் இதன் விளைவாகும். தரம் பற்றிய வினாவும் தன்னாட்சி பற்றிய வினாவும் இங்குப் பின்னிக் கிடந்தமையை நாம் காண்கிறோம்.

விடுதலைக்குப் பின் இவ்வதிகாரம் தேசிய மன்றங்களுக்கு வந்தது. மலேசியாவின் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம், ஏற்கப்பட்ட பட்டங்களை அட்டவணைப்படுத்தியது. அட்டவணையில் இல்லாத பட்டத்தினர்க்குத் தகுதித் தேர்வே வழி. 2005இல் உக்ரைனின் கிரிமிய அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரத்தை விலக்க எடுக்கப்பட்ட முடிவு இந்நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது. அங்குப் பயின்ற மலேசியருள் இந்திய வம்சாவளியினர் பலர் என்பதால், அது கல்வித்தரம் பற்றிய வினாவாக மட்டும் நிற்கவில்லை. சமூக நீதி பற்றிய வினாவாகவும் உணரப்பட்டது. எனினும் ஏற்கெனவே பயின்றுகொண்டிருந்தோர்க்கு அம்முடிவு பொருந்தாது என அறிவிக்கப்பட்டமை நாம் கருதத்தக்கது.

சிங்கப்பூரிலும் இதே நெறி பின்பற்றப்பட்டது. ஏற்கப்பட்ட அயல்நாட்டு மருத்துவப் பள்ளிகளின் எண்ணிக்கை 2020 ஜனவரி 1 முதல் 160இலிருந்து 103ஆகக் குறைக்கப்பட்டது. அந்நாளுக்கு முன் சேர்ந்தோரும் இடம் பெற்றோரும் பாதிக்கப்படவில்லை.

இச்சான்றுகளால் பெறப்படுவது யாது? அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் நிலையான பண்பன்று. ஒரு நாடு ஒரு காலத்தில் வழங்கும் சட்ட ஏற்பு. பட்டியலைத் திருத்துதல் அரசின் கடமையே. நோயாளியின் பாதுகாப்பு அதில் அடங்கியுள்ளது. ஆனால் திருத்தம் எந்நாள் முதல், எவர்க்குப் பொருந்தும் என்னும் ஒற்றை விதியே, குடும்பச் சேமிப்பையும் ஐந்தாறு ஆண்டுகளையும் செலவிட்ட மாணவரின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. நாட்டெல்லையும் நிலையானதன்று. 2014இல் கிரிமியா ரஷ்யாவின் கட்டுப்பாட்டுக்குள் சென்ற பின், மேற்கூறிய பல்கலைக்கழகமே வெர்னாட்ஸ்கி கிரிமியக் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது.

மேற்கல்வி குறித்து மாணவரும் பெற்றோரும் முதலில் நாடுவது பெரும்பாலும் பள்ளியாசிரியரையே. பல்கலைக்கழகத்தின் பெயர் இன்று பட்டியலில் உள்ளதா என்று கேட்பதோடு அவர் நின்றுவிடலாகாது. சேர்க்கைக்கு முன் மாணவரிடம் இருக்கவேண்டிய தகுதி யாது, பட்டியல் மாறினால் எந்நாளை வைத்து அவர் கணிக்கப்படுவார், ஏற்பு நீங்கினால் தகுதித் தேர்வுக்கு இடமுண்டா என்பனவற்றையும் எழுத்து வடிவில் உறுதி செய்யத் தூண்டுதல் வேண்டும். விளம்பரத் தாளிலுள்ள 'அங்கீகரிக்கப்பட்டது' என்னும் ஒரு சொல் இவ்வினாக்களுக்கு விடையாகாது.